உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு?

(அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி உரிமையாளர்கள், டிரைவர்கள், மெக்கானிக்குகள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலன்ட் கேனைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உறைநிலை மைனஸ் இத்தனை டிகிரி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு நம் டிரைவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஆவடியில என்ன பனியா உறையுது? தண்ணி போதாதா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் பூந்தமல்லி பைபாஸில் வண்டி ஓட்டுகிறவரிடம் போய் உறைநிலையைப் பற்றிப் பேசினால் அவர் வேறென்ன கேட்பார்? கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் வாகன உலகத்துக்குள் வந்ததே குளிர் நாடுகளின் தேவைக்காகத்தான். அமெரிக்காவில் 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அது கடைக்கு வந்தபோது, குளிர்காலத்தில் எஞ்சின் பிளாக் வெடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். அந்த ஊரின் கவலை இன்றும் நம் ஊர்க் கேனின் மேல் அச்சாகி வருகிறது.

நம் கவலை வேறு. நம்முடைய வண்டியில் கூலன்டுக்கு மூன்று வேலைகள். கொதிக்காமல் வெப்பத்தைச் சுமக்க வேண்டும். இரும்பும் அலுமினியமும் செம்பும் ஈயப் பற்றும் கலந்து கிடக்கிற அந்த வளையத்தில் எதையும் துருப்பிடிக்க விடக் கூடாது. மூன்றாவதாக, பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறையான லைனரைக் காக்க வேண்டும். இந்த மூன்றாவது வேலையைப் பற்றித்தான் நம்மிடம் பேச்சே இல்லை. எஞ்சினை இறக்க வைக்கும் பெரிய செலவு பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் வெப்பத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். அதில் சுமார் நாற்பது சதவீதம் சக்கரத்தைச் சுற்றப் போகிறது, ஏறக்குறைய முப்பது சதவீதம் புகையோடு வெளியேறுகிறது, இன்னொரு கால் பங்கு கூலன்டில் இறங்குகிறது. கால் பங்கு என்றால் 9 மெகாஜூல். சாதாரண வெப்பத்தில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அந்த வெப்பம் போதும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், நான்கு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இவ்வளவு வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் முழு லோடோடு ஏறும்போது நான்கு கிலோமீட்டர் என்பது இன்னும் சுருங்கிவிடும்.

இதற்குத் தண்ணீரைவிட நல்ல திரவம் இல்லை. ஆமாம், வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் முதலிடம். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் அந்தத் திறன் குறையத்தான் செய்யும். அதனால்தான் "காசு போனாலும் போகட்டும்" என்று தண்ணீரே கலக்காமல் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. திரவம் கெட்டியாகும், வெப்பத்தை ஒழுங்காக எடுக்காது. உறைநிலையைப் பார்த்தால்கூட, பாதிப் பாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும்போது, சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். லே, காஷ்மீர் என்று லோடு எடுக்கிற சங்ககிரி, நாமக்கல் வண்டிக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகத் தண்ணீர் வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதில்தான் நம் பக்கத்து ஊர்களின் கதை இருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி. இந்தப் பகுதிகளில் போர் போட்டவர்களுக்குத் தெரியும்: பாத்திரத்தில் வெள்ளை படியும், குழாய் வாய் அடைபடும், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் பட்டறையில் ஹோஸைப் போட்டு ரேடியேட்டரில் நிரப்புகிறோம். "குடிக்கிற தண்ணிதான் சார், நல்ல தண்ணி" என்பார்கள். குடிக்க நல்லதாக இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குளோரைடு 250, வேறு வழியில்லை என்றால் 1000. எஞ்சின் என்ன கேட்கிறது? கேட்டர்பில்லர் நிறுவனம் தன் எஞ்சின்களுக்கு விதித்திருக்கும் எல்லையைச் சொல்கிறேன்: கடினத்தன்மை 170, குளோரைடு 40, சல்பேட் 100, கரைந்துள்ள உப்பு மொத்தமாக 340. குளோரைடு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதனுக்கு 250 வரை சரி, எஞ்சினுக்கு 40. மனித உடல் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும். எஞ்சினுக்குச் சிறுநீரகம் கிடையாது; உள்ளே போன உப்பு உள்ளேயே தங்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும் வண்டி ஒன்றுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் போர்த் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். கடினத்தன்மை 600 உள்ள தண்ணீர் என்றால், ஒரு வருடத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுண்ணாம்பை எஞ்சினுக்குள் கொட்டியிருப்பீர்கள். அது ரேடியேட்டர் அடியில் போய் அமைதியாக உட்கார்வதில்லை. எங்கே சூடு அதிகமோ அங்கே படியும்: ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு சுற்றிலும், லைனரின் மேல் பாகத்தில். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் படிவு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்புச் சுவரை எழுப்பியதற்குச் சமம். மீட்டரில் முள் நடுவில்தான் நிற்கும். ஹெட்டோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கேஸ்கெட் போகும், அல்லது ஹெட்டில் வெடிப்பு விழும். அன்று டிரைவரைத் திட்டுவோம்.

ஆகவே கலக்கிற தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டராகவோ, தாது நீக்கிய டி.எம். வாட்டராகவோ இருக்கட்டும். இரண்டும் நம் தொழிற்பேட்டையில் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும். அதற்கும் தொல்லையாக இருந்தால் பாதிப் பாதியாகக் கம்பெனியே கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கேனை வாங்குங்கள். கேன் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கேனில் பாதி நல்ல தண்ணீர், அதற்குக் கொடுப்பது வீண்செலவு இல்லை.

இப்போது லைனருக்கு வருகிறேன். இன்றைய உரையில் மனதில் நிற்க வேண்டிய பகுதி இது.

பல பெரிய டீசல் எஞ்சின்களில் ஈர லைனர் இருக்கும். லைனரின் உட்புறத்தில் பிஸ்டன் ஓடும். வெளிப்புறத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா எஞ்சினும் அப்படி இல்லை. டாட்டா வண்டிகளில் வந்த கம்மின்ஸ் பி வகை எஞ்சினில் தனி லைனரே கிடையாது, பிளாக்கிலேயே துளை. சில எஞ்சின்களில் உலர் லைனர். உங்கள் வண்டியில் எது என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போகும் நோய் ஈர லைனருக்குத்தான் அதிகம்.

டீசல் எரிந்து பிஸ்டனைக் கீழே அடிக்கும் ஒவ்வொரு தடவையும், பிஸ்டன் லைனர் சுவரை ஒரு பக்கமாக இடிக்கிறது. லைனர் அடித்த மணியைப் போல அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதிர்வுதான். ஆனால் மிக வேகமானது. சுவர் உள்ளே ஒதுங்கும் கணத்தில் அதை ஒட்டியிருக்கும் கூலன்டில் அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. சுவர் திரும்பி வரும் அடுத்த கணத்தில் அந்தக் குமிழிகள் நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் ஊசிமுனை அளவு இடத்தில் பெரும் அழுத்தத்தோடு இரும்பைக் கொத்துகிறது. லட்சக்கணக்கான கொத்துக்குப் பிறகு லைனரின் வெளிப்பக்கத்தில் வரிசையாகக் குழிகள் தெரியும், பெரும்பாலும் பிஸ்டன் இடிக்கும் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில். குழி ஆழமாகி ஒரு நாள் உள்ளே துளைத்துக்கொண்டு போய்விடும். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும், ஆயிலில் கலக்கும், டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் ஊற்றிய மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு பேரிங், கிராங்க் என்று வரிசையாகப் போகும். லேத் பட்டறைகளில் கழற்றிப் போட்ட லைனர்களை எடுத்துப் பாருங்கள். புழு அரித்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தால் அது சாதாரணத் துரு இல்லை. குழி அரிப்பு.

இதைத் தடுப்பது கிளைக்கால் இல்லை, அதில் கலந்திருக்கும் மருந்து. பழைய வகைக் கனரகக் கூலன்டில் நைட்ரைட் என்ற உப்பு இருக்கும். அது லைனர் மேல் மெல்லிய, உறுதியான இரும்பு ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. குமிழி அந்தப் படலத்தைக் கொத்துகிறது, படலம் உடனே மறுபடி உருவாகிறது, இரும்பு தப்பிக்கிறது. கேட்டர்பில்லர் கணக்கில் இந்த நைட்ரைட் லிட்டருக்கு 1200 முதல் 2400 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் லைனர் போகும். "நிறைய இருந்தால் நல்லதுதானே" என்று மருந்தை அள்ளிக் கொட்டினால் உப்புகள் கரையாமல் கட்டியாகும், வாட்டர் பம்ப் சீல் கசியும், ரேடியேட்டர் குழாய் அடையும்.

தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் இந்த மருந்தை எப்படித் தீர்க்கிறது என்று பாருங்கள். 30 லிட்டர் கொள்ளும் வண்டி. சரியான கலவை நிரப்பியிருக்கிறீர்கள். மூன்று லிட்டர் கசிகிறது, மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மருந்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இதையே பத்து முறை செய்தால் மீதி இருப்பது சுமார் 35 சதவீதம். கிளைக்கால் பாதிக்குப் பாதி இருந்தது 17, 18 சதவீதத்துக்கு வந்திருக்கும். நிறம் இன்னமும் லேசான பச்சையாகத்தான் இருக்கும். ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, "கூலன்ட் இருக்கு" என்பார். லைனரைக் காக்கும் அளவுக்கு உள்ளே எதுவும் இருக்காது.

நம் பக்கத்திலேயே லைனருக்கு ஒரு வரலாறு உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கில் இருந்தது லேலண்ட் எல்-60 எஞ்சின். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வரும் அமைப்பு, 535 குதிரைத்திறன். அதே எல்-60 குடும்பத்து எஞ்சின் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிலும் இருந்தது. அங்கே லைனரும் அதன் சீலும் உடைந்து பெரும் தலைவலியாகிப் பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாட்டின் படைக்கே எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட, அதன் லைனருக்கு வெளியே ஓடும் தண்ணீரும் அதைத் தடுக்கும் சீலும் முக்கியமாகிப்போனது. அரசாங்கமாக இருந்தால் எஞ்சினை மாற்றிக்கொள்ளும். தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வண்டி ஓனருக்கு அந்த வசதி இல்லை.

சரி, கடையில் எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்பது முதல் சொல். பச்சை, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் எல்லாம் சாயம்தான். எந்த நிறத்துக்குள் எந்த மருந்து என்று உலகம் முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கலாம். சாயம் கலந்த தண்ணீரையே கூலன்ட் என்று லேபிள் இல்லாத கேனில் விற்பவர்களும் உண்டு.

எண்ணைப் பாருங்கள். கேனின் பின்னால் ஏ.எஸ்.டி.எம். டி 3306 என்று மட்டும் போட்டிருந்தால் அது கார், சிறு வண்டிகளுக்கானது. டி 6210 என்று இருந்தால் கனரக டீசலுக்கென்றே முழு மருந்தும் சேர்த்துத் தயாரித்தது. டி 4985 என்றால் கனரகத்துக்குத்தான், ஆனால் லைனர் மருந்தை முதலிலேயே தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஊற்றினால் பாதி வேலைதான். இந்தியத் தரம் ஐ.எஸ். 5759. இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது உங்கள் எஞ்சின் கம்பெனியின் சொந்த ஒப்புதல் எண்: கம்மின்ஸுக்கு சி.இ.எஸ். 14603, டைம்லர் வழி வந்த எஞ்சின்களுக்கு எம்.பி. 325 வரிசை, வால்வோவுக்கு வி.சி.எஸ். வண்டியோடு வந்த புத்தகத்தில் இது இருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலும் ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து கூலன்ட் பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் அனுப்பி வைத்தால் போதும்.

ஒரே யார்டில் பல வம்சத்து வண்டிகள் நிற்பது நம் ஊரின் தனிச் சிக்கல். எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட், ஒரகடத்திலிருந்து வரும் பாரத் பென்ஸ், ஜாம்ஷெட்பூரிலிருந்து வரும் டாட்டா. வம்சம் மாறினால் கூலன்டுக்குள் இருக்கும் மருந்தும் மாறலாம். ஐரோப்பியக் கம்பெனிகள் பொதுவாகக் கூலன்டில் பாஸ்பேட்டை விரும்புவதில்லை, ஏனென்றால் அவர்கள் ஊர்க் கடினத் தண்ணீரில் அது சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும். ஜப்பானியர்கள் சிலிக்கேட்டை ஒதுக்கிவிட்டுப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். வாட்டர் பம்ப் சீல் தேயும் என்பது அவர்கள் கவலை. இரண்டும் அவரவர் ஊரில் சரி. ஆனால் பாஸ்பேட் உள்ள கூலன்டை வாங்கிவந்து அம்பத்தூர் போர்த் தண்ணீரில் கலக்கினால், ஐரோப்பாக்காரன் பயந்தது நம் வண்டியில் நடக்கும்.

கரிம அமில மருந்து கொண்ட புதுவகைக் கூலன்ட் நீண்ட காலம் உழைக்கும். கேட்டர்பில்லரின் நீண்ட ஆயுள் கூலன்டுக்கு, இடையில் ஒருமுறை எக்ஸ்டெண்டர் சேர்த்தால் 12,000 மணி நேரம் அல்லது ஆறு ஆண்டு என்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அதில் பழைய வகைக் கூலன்ட் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிக் கலந்தாலே அந்த நீண்ட ஆயுள் போய்விடும். வழியில் எவரிடமோ வாங்கி நான்கு லிட்டர் பச்சையை ஊற்றிவிட்டால், ஆறு வருஷக் காசு கொடுத்து வாங்கியது இரண்டு வருஷச் சரக்காகிவிடும். அதோடு, செம்பு பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் உள்ள பழைய லேலண்டுக்கு விலை உயர்ந்த புது வகை நல்லது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். சில கரிம அமிலங்கள் ஈயப் பற்றை அரிக்கும். பழைய வண்டிக்குப் பழைய வகையே கம்பெனி சொன்னது என்றால் அதுவே சரி.

இரண்டு சின்னப் பாகங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

ஒன்று மூடி. ரேடியேட்டர் மூடியை நம்மில் பலர் தண்ணீர் சிந்தாமல் இருக்கும் மூடி என்றுதான் நினைக்கிறோம். அது ஓர் அழுத்த வால்வு. ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து 120 டிகிரிக்கு ஏறும்; பாதிப் பாதிக் கலவை 130-ஐ நெருங்கும். அந்த அழுத்தம் லைனரில் குமிழி உண்டாவதையும் குறைக்கும். ஸ்பிரிங் தளர்ந்த, ரப்பர் வெடித்த மூடியோடு ஓடும் வண்டியில் எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றினாலும் கொதிக்கும், கொத்தும். இந்த மூடியின் மதிப்பு நம் ஊருக்குத் தெரியாததல்ல. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாடியில் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி இயந்திரங்களையே வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. பிறகு அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மூடி சென்னையிலிருந்து போயிற்று. உலகத்துக்கே மூடி செய்து கொடுத்த ஊரில், கிழிந்த மூடிக்குச் சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டு ஓட்டுகிறோம். எனக்கு இது மிகவும் வருத்தமான காட்சி.

இன்னொன்று தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு. வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் வேரோடி இருக்கிறது. தம்பிகளே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடும். அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸில் சுற்றும். மேட்டில் இன்னும் அதிகமாக ஹீட் ஆகும். சமதளத்தில் எஞ்சின் 80 டிகிரியைத் தொடாமலே ஓடும், டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் தேயும், மைலேஜ் குறையும். ஹீட் ஆவதற்கான காரணம் வேறெங்கோ இருக்கிறது. ரேடியேட்டர் வெளியே தூசி அடைத்திருக்கலாம். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரியும் சாம்பலும் ஏற்றும் வண்டிகளில் பாதி நோய் அதுதான், உள்ளிருந்து வெளியே மெதுவான தண்ணீர் பாய்ச்சினால் தீர்ந்துவிடும். பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஏர் லாக் இருக்கலாம், மூடி போயிருக்கலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு இதெல்லாம் இன்னும் கடுமையாகிவிட்டது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். உள்ள எஞ்சின்களில் பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகையைக் கூலன்டை வைத்துத்தான் ஆற்றுகிறார்கள். அந்த இ.ஜி.ஆர். கூலருக்குள் இருக்கும் வழி மிகக் குறுகல். சுண்ணாம்பு படிந்தால் முதலில் வெடிப்பது அதுதான். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் கூலன்ட் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஹெட்டைக் கழற்றும் முன் இ.ஜி.ஆர். கூலரைச் சோதித்துப் பாருங்கள். ரேடியேட்டர்களும் இப்போது பெரும்பாலும் அலுமினியம். பழைய செம்பு ரேடியேட்டரைப் போலப் பற்றைப் பிரித்து, குழாயில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஆசிட் ஊற்றிக் கழுவி மாட்டுவது இதில் நடக்காது. ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சோதிப்பது கஷ்டமான வேலை இல்லை. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கிளைக்கால் சதவீதம் தெரியும். நைட்ரைட்டுக்கும் பி.எச். அளவுக்கும் நனைத்துப் பார்க்கும் பட்டைகள் உண்டு. ஒரு பட்டறைக்கு ஒரு கருவி போதும், பத்து ஓனர்கள் சேர்ந்துகூட வாங்கலாம். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் கூலன்ட் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலர் கசிகிறது. எஞ்சின் ஓடும்போது எக்ஸ்பான்ஷன் டேங்கில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட்.

விஷத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். சுமார் 100 மில்லி போதும், சிறுநீரகம் செயலிழந்து வளர்ந்த மனிதனுக்கே உயிர் போகும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்துபோனார்கள். கூலன்டில் இருப்பதற்கு நெருங்கிய உறவுள்ள பொருள் அது. ஆகவே டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்காதீர்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "கூலன்ட் குடித்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். முறிவு மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம். இறக்கிய பழைய கூலன்டைக் கால்வாயில் விடுவது இன்னொரு குற்றம். இந்தப் பேட்டையின் கழிவு கொரட்டூர் ஏரியை என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மூடியுள்ள டிரம்மில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, இதில் யாருக்கு என்ன பொறுப்பு என்பது. கூலன்டைத் தேர்வு செய்கிறவர் ஓனர். நடுவழியில் ஊற்றுகிறவர் டிரைவர். இரவு ஒரு மணிக்கு வாலாஜா பக்கம் ஹோஸ் கிளிப் தளர்ந்து, பத்து லிட்டர் போய்விட்ட டிரைவர் எதை ஊற்றுவார்? பங்க்கில் குழாயில் என்ன வருகிறதோ அதைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் கையில் வேறு எதையும் நாம் கொடுக்கவில்லை. டோலுக்கும் பேட்டாவுக்கும் கணக்குப் போடுகிற ஓனர், கேபினில் சரியான கலவையில் ஐந்து லிட்டர் கேன் இரண்டு வைக்க வேண்டும். இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு மூடி. டேங்க் பக்கத்தில் பெயின்டில், தமிழில், எந்தக் கூலன்ட், எந்த எண் என்று எழுதி வையுங்கள். வடக்கே ஓடும் வண்டி என்றால் இந்தியிலும்.

டிரைவர் தோழர்களே, வண்டி கொதித்தால் ஓரம் கட்டி, மூடியைத் தொடாமல் காத்திருங்கள். அழுத்தத்தில் 110 டிகிரியில் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு, கொஞ்சமாகச் சுற்றி அழுத்தத்தை விட்டுவிட்டுத் திறங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கேன் தீர்ந்துவிட்டது, வேறு வழியே இல்லை என்றால், டீக்கடையில் இருக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். எத்தனை லிட்டர், எந்தத் தண்ணீர் என்று டிரிப் ஷீட்டில் எழுதுங்கள். ஓனர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். ஓனர்களே, அப்படி எழுதுகிறவரைத் திட்டாதீர்கள். வண்டி திரும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்து ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விடுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் கொஞ்சம் இறக்கி, அதே வகைக் கான்சன்ட்ரேட்டைச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். ஊற்றியது போர்த் தண்ணீர் என்றால் முழுவதையும் இறக்கி, நல்ல தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டுக் கழுவி, புதிதாக நிரப்பி, ஏர் லாக் எடுத்த பிறகு அடுத்த லோடுக்கு அனுப்புங்கள்.